மரக்காணத்தில் நிற்காத சைக்கிள்கள்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பத்துப் பன்னிரண்டு வெளிநாட்டுக்காரர்கள், தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வெயிலில் தக்காளி மாதிரி சிவந்த முகம், ஒருவர் பின் ஒருவராகத் தெற்கே மிதித்துக்கொண்டு போவார்கள். கூடவே ஒரு வேன் வரும். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் "இவங்களுக்கு என்னப்பா தலையெழுத்து, கார்ல போக காசா இல்ல?" என்று சிரித்துக்கொண்டே கை காட்டுவார்கள். அவர்களும் கை காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்படிப் போய்விடுவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே!

சென்னையில் வந்து இறங்கி, கன்னியாகுமரி வரைக்கோ, மலையேறிக் கொச்சி வரைக்கோ இரண்டு மூன்று வாரம் சைக்கிளில் போகும் குழுப் பயணங்கள் பல வருடங்களாக நடந்துவருகின்றன. தொடக்கம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் மாமல்லபுரம். ரதங்கள், கடற்கரைக் கோயில், ஒரு ராத்திரித் தூக்கம். மறுநாள் ஒரே மூச்சில் பாண்டிச்சேரி, ஏறத்தாழ 95 கி.மீ. நடுவில் இருக்கும் மரக்காணத்துக்குக் கிடைப்பது பத்து நிமிஷம். வாழைப்பழம், பிஸ்கட், பாட்டிலில் தண்ணீர், கிளம்பு!

இது தப்பான திட்டம். ஒரு நெடும்பயணத்தின் முதல் மூன்று நாட்களை எங்கே மெதுவாக்க வேண்டுமோ அங்கே வேகமாக்குகிறார்கள். உடம்பு, ஊர், சாலை என்று மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் நாட்களின் உடம்பு

ஜனவரியில் லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ ஐந்து டிகிரி குளிரில் விமானம் ஏறுகிறவர், சென்னையில் இறங்கும்போது பகலில் 29, 30 டிகிரி. சென்னைக்காரர்கள் ஸ்வெட்டர் போடுகிற காலம்தான். ஆனால் வந்து இறங்கியவருக்கு அது கோடைக்காலம். காற்றில் இருக்கும் ஈரப்பதத்தில் வியர்வை காய்வதில்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்.

வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்கு அறிந்த விஷயம். இந்த மாற்றத்தில் பெரும்பகுதி முதல் நாலைந்து நாட்களில் வேகமாக நடக்கிறது. ரத்தத்தில் நீரின் அளவு கூடுகிறது. வியர்வை சீக்கிரமே சுரக்க ஆரம்பிக்கிறது. முக்கியமாக, வியர்வையில் போகும் உப்பு குறைகிறது. பழகிய உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பழகாத உடம்பு வாரி இறைக்கும். அதாவது, பயணத்தின் முதல் நாட்களில் சிந்துவதுதான் உள்ளதிலேயே அதிக உப்புள்ள வியர்வை! கறுப்பு பனியனில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுவதைப் பார்த்தாலே தெரியும்.

இந்த நேரத்தில் சமதளச் சாலை ஒரு ஏமாற்று வேலை செய்கிறது. மலை என்றால் மூச்சு வாங்கும், உடம்பு தானாக நிற்கும். கடற்கரைச் சாலையில் ஏற்றமே கிடையாது. வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. மணிக்கு 22, 25 கி.மீ. சுலபமாகப் போகலாம். மிதிக்கிறவரே உண்டாக்கும் காற்று முகத்தில் அடிப்பதால் சூடும் தெரியாது. நின்ற அடுத்த நிமிஷம்தான் தலை சுற்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 7 மணிக்கு மாமல்லபுரத்தில் கிளம்பும் குழு, சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், பாலாற்றுப் பாலம், கடப்பாக்கம் என்று ஏறத்தாழ 60 கி.மீ. கடந்து மரக்காணம் வரும்போது, வழியில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால், பதினொன்று, பதினொன்றரை ஆகிவிடும். உச்சி வெயில். அங்கே இருபக்கமும் உப்பளம். உப்பு மண்ணில் மரம் வளராது, அதனால் நிழல் கிடையாது. கீழே பாத்தித் தண்ணீரிலும் உப்புக் குவியலிலும் பட்ட வெயில் திரும்பி முகத்தில் அடிக்கிறது. பழகாத உடம்பு தடுமாறுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. இந்த இடத்தில்தான் "இன்னும் 35 கிலோமீட்டர்தான், தாங்கிக்கொள்ளுங்கள்" என்று வழிகாட்டி சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தாகத்துக்கு பயந்து வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது. உப்பு வெளியே போய்க்கொண்டிருக்க, தண்ணீர் மட்டும் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், மிஞ்சினால் வலிப்பு வரைக்கும் போகும். உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருப்பது சும்மா இல்லை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து போனால்தான் குடல் தண்ணீரை வேகமாக உறிஞ்சும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உப்பு விளையும் ஊரைக் கடந்து போகும் குழு, வேனில் வெளிநாட்டு எலக்ட்ரோலைட் மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்கும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பாடம் யாரும் நடத்தவில்லை. அவர்கள் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலான வேலையை முடித்துக்கொள்கிறார்கள். கஞ்சியும் மோரும் தூக்குச்சட்டியில் கூடவே வரும். விளையாட்டு மருத்துவர் பத்துப் பக்கத்தில் எழுதிக் கொடுக்கிற அறிவுரையும் இதுதான்: சீக்கிரம் கிளம்பு, வெயிலுக்கு முன் நிறுத்து, உப்போடு குடி.

உடைவது டயர் மட்டுமல்ல

முதல் நாட்களில் பழக வேண்டியது உடம்பு மட்டும் இல்லை, குழுவும்தான். முன்பின் தெரியாத பத்துப் பேர். ஒருவர் வாரா வாரம் 150 கி.மீ. மிதிக்கிறவர். இன்னொருவர் ஓய்வு பெற்ற பிறகு ஆசைப்பட்டு வந்தவர். ஒருவருக்குப் படம் எடுக்க நிற்க வேண்டும், இன்னொருவருக்கு நின்றால் கால் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாக் கண்டத்துக்காரர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இடதுபக்கம் ஓட்டுவதே புதுசு. வலதுபக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் மூளை ஒரு தடவை யோசிக்கும். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் "திட்டு" இல்லை, "வருகிறேன்" என்ற தகவல் என்று புரியவே இரண்டு நாள் ஆகும்.

குழுப் பயணத்தின் சரித்திரத்தைப் புரட்டினால் இது விளங்கும். 1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகம் சுற்ற சைக்கிளில் கிளம்பினார்கள். அதி ஹகீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்கரா, குஸ்தாத் ஹதிராம், கேகி போச்கானாவாலா, நரிமன் கபாடியா. பாரசீகம், மெசபடோமியா, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா என்று நாலரை வருடத்தில் ஏறத்தாழ 71,000 கி.மீ. மிதித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். 1931ல் வெளிவந்த அவர்களது புத்தகத்துக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை எழுதினார். ஆனால் முழுச் சுற்றையும் முடித்தது மூன்று பேர்தான். ஒருவர் தெஹ்ரானோடு திரும்பிவிட்டார். இருவர் அமெரிக்காவில் பிரிந்தார்கள். 1926 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து நான்கு பேர் கிளம்பினார்கள். கடைசியில் பிமல் முகர்ஜி மட்டும் தனியாகத் தொடர்ந்து 1937ல் ஊர் திரும்பினார்.

பஞ்சரான டயருக்கு வேறு ட்யூப் போடலாம். பிரிந்துபோன ஆளுக்கு மாற்று கிடையாது. ஒருவரின் வேகத்தை இன்னொருவர் மதிக்கக் கற்றுக்கொள்வது முதல் நாட்களில் நடந்தால் உண்டு. அந்த நாட்களையே "யார் முதலில் பாண்டிச்சேரி?" என்ற போட்டியாக்கிவிட்டால், பின்தங்கியவர் மூன்றாம் நாள் வேனில் ஏறுவார், நாலாம் நாள் பேச்சைக் குறைத்துக்கொள்வார். மலையேற்றம் வரும்போது அந்தக் குழு ஒரு குழுவாக இருக்காது.

கண்ணுக்குத் தெரியாத ஊர்

சரி, மரக்காணத்தில் நின்று என்ன பார்ப்பது? மாமல்லபுரம் மாதிரி ரதமா இருக்கிறது, பாண்டிச்சேரி மாதிரி பிரெஞ்சுத் தெருவா இருக்கிறது என்று கேட்பார்கள்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு உப்பு என்றால் தூத்துக்குடி, வேதாரண்யத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். உப்பு எடுப்பது வெளியிலிருந்து பார்த்தால் சும்மா தண்ணீரைக் காயவைக்கிற வேலை மாதிரித் தெரியும். உண்மையில் அது பொறுமையான ரசாயனம். மழைக்காலம் முடிந்ததும் சேறும் கரம்பையும் அள்ளி, வரப்பைச் சரிசெய்து, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். தரை கெட்டியாக இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், உப்பில் மண் கலந்துவிடும். அப்புறம் உப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்த வேண்டும். கடல் தண்ணீர் போமே அளவில் சுமார் மூன்று டிகிரி. அது வெயிலிலும் காற்றிலும் சுண்டி 25 டிகிரிக்கு வரும்போதுதான் உப்பு பூக்கும். அதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிட வேண்டும். ரொம்பவும் சுண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். எந்தத் தண்ணீரை எப்போது எந்தப் பாத்திக்கு விடுவது என்பதில் இருக்கிறது மொத்த வித்தையும். பிறகு பலகையால் வாரி, ஓரமாகக் குவித்து, தண்ணீர் வடியவிட்டு, கூடையில் தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுபோய் அம்பாரம் கட்ட வேண்டும். எல்லாம் சரியாக இருக்கும்போது ஒரு மழை பெய்தால் போச்சு!

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது இந்தக் கடற்கரையில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை கிடையாது என்பதால், மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022ல் தொடங்கியது. மூன்று மாத வீட்டுச் செலவுக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊரின் பழமையும் லேசுப்பட்டதில்லை. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் என்ற நெய்தல் ஊர் இந்த மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. ஊரில் சோழர் காலத்துப் பூமீசுவரர் கோயில் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் தென் பக்கிங்காம் கால்வாய் முடிவது இந்த ஊர்ப் பக்கம்தான். ஒரு காலத்தில் இந்த உப்பு படகேறி அந்தக் கால்வாய் வழியாகத்தான் மதராசுக்குப் போனது. ஊருக்குத் தெற்கே கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காடு ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் நிலை. 2021ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசைப் பறவைகள் வரும் காலமும் வெளிநாட்டுச் சைக்கிள்காரர்கள் வரும் காலமும் ஒன்றே. இரண்டு பேரும் வடக்கேயிருந்து குளிருக்குத் தப்பி வருகிறவர்கள். பறவைகளுக்கு மட்டும் இங்கே இறங்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது!

நெடுந்தூரக் குழுப் பயணம் என்று வந்துவிட்டால் இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சங்க காலத்தில் உப்பு வணிகர்களுக்கு உமணர் என்று பெயர். நெய்தல் கரையில் உப்பை ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு, மாட்டு வண்டிகள் வரிசையாக உள்நாட்டுக்குப் போவார்கள். போகிற வழியில் மேடு இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா, யாருக்குத் தெரியும்? அதனால் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டியே எடுத்துப்போனார்கள். இது ஒளவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டிலேயே இருக்கிறது. வேனின் மேலே உபரிச் சக்கரம் கட்டிக்கொண்டு போகும் குழுவுக்கு இதைவிட நெருக்கமான முன்னோடி உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் அந்தக் கதையை எந்த வழிகாட்டியும் மரக்காணத்தில் நின்று சொல்வதாகத் தெரியவில்லை.

வேடிக்கை பார்ப்பதா?

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். "வெயிலில் வெந்து உழைக்கிற ஜனங்களை, விடுமுறைக்கு வந்த பணக்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பது என்ன நாகரிகம்? பேசாமல் கடந்து போவதே மேல்."

இந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது. கண்கூச வைக்கும் வெள்ளைப் பரப்பில், தலையில் கூடையோடு ஒரு பெண்மணி. படம் அழகாகத்தான் வரும். அந்த வெண்மை வருடக்கணக்கில் அவர் கண்ணை என்ன செய்கிறது, உப்புத் தண்ணீர் பாதத்தை என்ன செய்கிறது என்பது படத்தில் வராது. கேட்காமல் எடுத்து, நாலு வார்த்தை பேசாமல், பெயர்கூடத் தெரியாமல் எடுத்துப்போகும் படம் ஒரு வகைத் திருட்டுத்தான்.

ஆனால் இப்போது நடப்பது என்ன? பத்து நிமிஷம் நிற்கும் குழுதான் இந்தத் திருட்டைச் சுலபமாகச் செய்கிறது. நேரம் இல்லாதவனுக்குக் கேமரா ஒன்றுதான் மொழி. ஒரு முழு நாள் தங்குகிறவனுக்குக் கேட்க நேரம் இருக்கும், டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து பேச நேரம் இருக்கும், "ஐயா, இந்தத் தண்ணி எத்தனை நாளு நிக்கணும்?" என்று ஒரு கேள்வி கேட்டு மொழிபெயர்த்துச் சொல்ல வழிகாட்டிக்கும் நேரம் இருக்கும். தன் வேலையை விவரம் தெரிந்து கேட்கிறவரிடம் சொல்வது யாருக்கும் அவமானமில்லை. கடந்து போவதில் மரியாதை எதுவும் இல்லை, அது கண்டுகொள்ளாமை.

சில கட்டுப்பாடுகள் வேண்டும்தான். வரப்பில் சைக்கிளை ஏற்றக் கூடாது. மிதித்துக் கெட்டிப்படுத்திய பாத்தியில் ஷூவோடு இறங்கக் கூடாது. அது ஒருவர் பல நாள் உழைத்துப் போட்ட தரை. அனுமதி கேட்காமல் உள்ளே போகக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. நேரம் ஒதுக்கிப் பேசுகிறவருக்கு அந்த நேரத்துக்கான பணத்தைக் குழு நடத்துகிறவர் கொடுக்க வேண்டும். டிப்ஸ் இல்லை, கூலி.

இரண்டு சைக்கிள், ஒரே சாலை

இதுவரை சொன்னது பயணிகளின் நன்மை. இனி சொல்லப்போவது ஊரின் உயிர்.

கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்படுத்தப்பட்டு 2002ல் சுங்கச்சாலை ஆனது. அதற்கப்புறம் சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில் இருக்கும் ஊர்கள் எல்லாம், காரில் போகிறவர்களுக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் படமாகிவிட்டன. இப்போது அந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலையாகி, மாமல்லபுரத்திலிருந்து பகுதி பகுதியாக நான்கு வழிச்சாலை ஆகிறது. மரக்காணம் முதல் புதுச்சேரி வரையிலான 46 கி.மீ. பகுதிக்கு 2,157 கோடி ரூபாய் மதிப்பில் மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்தது.

நான்கு வழிச்சாலை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. நடுவில் தடுப்பு வந்தால் நேருக்கு நேர் மோதும் விபத்துகள் குறையும். எதிரே வருபவன் முந்திக்கொண்டு வந்துவிடுவானோ என்ற பயம் இருக்காது. 2022ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதே வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. ஆகவே தடுப்புச் சுவர் நல்லதே.

ஆனால் அது காருக்கு நல்லது. சைக்கிளுக்கு?

உப்பளத்துக்குப் போகிறவர்களில் பலர் இப்போது டிவிஎஸ் எக்ஸெல்லுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் மாறிவிட்டாலும், ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் போகிறவர் இன்னும் இருக்கிறார். விடிவதற்கு முன் போகிறார். சைக்கிளில் விளக்கு கிடையாது. அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அதே சாலையில்தான். வீடு ஒரு பக்கம், வேலை மறுபக்கம். நடுவில் தடுப்புச் சுவர் வந்துவிட்டால், குறுக்கே கடக்க ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பி வர வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு அது இரண்டு நிமிஷம். சைக்கிள் மிதிக்கிறவருக்கு? அவர் என்ன செய்வார் என்பது எல்லா நான்கு வழிச்சாலையிலும் பார்த்த கதைதான். ஓரமாக எதிர்த்திசையில் வருவார், இல்லை, தடுப்பை ஏறிக் குதிப்பார். அடிபட்டால் "ராங் சைடில் வந்தார்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். சரியான பக்கம் என்று ஒன்றை அவருக்குப் போட்டுக் கொடுக்காதது யார் தப்பு?

இங்கேதான் அந்த இரண்டு சைக்கிளும் சந்திக்கின்றன. ஒன்று இருபத்தேழு கியர், டிஸ்க் பிரேக், ஜி.பி.எஸ்., பின்னால் பாதுகாப்புக்கு வேன். இன்னொன்று துருப்பிடித்த மட்கார்டு, வாரத்துக்கு ஒரு பஞ்சர். இரண்டுக்கும் தேவை ஒன்றே ஒன்றுதான். ஓரத்தில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு, மணல் சேராத, லாரி நிறுத்தாத, தொடர்ச்சியான ஒரு பாதை. கூடவே, ஆட்கள் உண்மையில் கடக்கும் இடங்களில் கடக்க வழி.

இதை உப்பளத் தொழிலாளி கேட்டால் மனுவாகி, ஃபைலாகி, எங்கேயோ போய்விடும். வருடா வருடம் வெளிநாட்டுப் பணம் கொண்டுவரும் சைக்கிள் பயண நிறுவனங்கள் சேர்ந்து கேட்டால் சுற்றுலாத் துறை காதில் விழும். சென்னையில் வார இறுதிகளில் இதே சாலையில் 200, 300 கி.மீ. மிதிக்கும் மன்றங்களுக்கும் குரல் இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டுமென்றால் முதலில் பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிஷம் நிற்கிறவனுக்கு மரக்காணத்துச் சாலை ஒரு வேகமான நல்ல சாலை. ஒரு விடியற்காலை அங்கே நின்று, இருட்டில் யார் யார் எப்படிக் கடக்கிறார்கள் என்று பார்த்தவனுக்குத்தான் அது வேறு சாலை.

காசும் நாளும்

"இருப்பதே பதினைந்து நாள் லீவு. அதில் ஒரு நாளை உப்பளத்தில் கழிக்கச் சொல்கிறீர்களா?" என்பது அடுத்த கேள்வி. தங்குமிடம் பற்றியும் கேட்பார்கள். மாமல்லபுரத்தையும் பாண்டிச்சேரியையும் பார்க்க மரக்காணத்தில் தங்க வசதி குறைவுதான்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். பெரும்பாலான குழுக்கள் பாண்டிச்சேரியில் எப்படியும் ஒரு ஓய்வு நாள் வைக்கின்றன. 95 கி.மீ. மிதித்து, வெந்துபோய் வந்து சேர்ந்தபின் படுத்துக் கிடப்பதற்கு அந்த ஓய்வு நாள். அந்த நாளைத்தான் ஒரு ஊர் முன்னால் கொண்டுவரச் சொல்வது. இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

முதல் நாள்: சென்னையிலிருந்து மாமல்லபுரம். விமான நிலையத்திலிருந்து வேனில் வந்து, சாயங்காலம் உள்ளூரில் 15 கி.மீ. மட்டும். சைக்கிளின் உயரம், சீட், பிரேக் எல்லாம் சரிபார்க்க.

இரண்டாம் நாள்: விடிந்ததும் கிளம்பி மரக்காணம். 60 கி.மீ. வழியில் கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிபாடுகள். பத்தரை மணிக்குள் நிழலுக்குள் போய்விட வேண்டும்.

மூன்றாம் நாள்: நெடுந்தூரம் கிடையாது. விடியலில் உப்பளம், சாயங்காலம் கழுவெளி. நடுவில் தூக்கம். உப்புக் காற்று பட்ட செயினைத் துடைத்து எண்ணெய் விட இதுவே சமயம்.

நாலாம் நாள்: பாண்டிச்சேரி. ஏறத்தாழ 35 கி.மீ. டிபன் வேளைக்குள் போய்ச் சேரலாம்!

மொத்தத் தூரம் அதேதான். உடம்புக்கு மட்டும் பழக நாலு நாள் கிடைக்கிறது.

இரண்டாவது கேள்வி கஷ்டமானது. தங்க இடம் இல்லாததால் யாரும் தங்குவதில்லை, யாரும் தங்காததால் இடம் வருவதில்லை. இந்த முடிச்சை யாராவது ஒருவர் அவிழ்க்க வேண்டும். அதற்காகக் கடற்கரையில் இன்னொரு ரிசார்ட் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. இதே குழுக்கள் மற்ற நாடுகளில் கூடாரத்திலும் பள்ளிக்கூட மைதானத்திலும் படுக்கிறவர்கள்தான். 2003 முதல் நடக்கும் கெய்ரோ முதல் கேப் டவுன் வரையிலான சைக்கிள் பயணத்தில் பாதி ராத்திரிக்கு மேல் கூடாரம்தான். சுத்தமான கழிப்பறை, மின்விசிறி, கொசுவலை, நல்ல தண்ணீர், இது நாலும் இருந்தால் ஒரு கல்யாண மண்டபம் போதும். சமைக்க உள்ளூர்ப் பெண்கள் சுய உதவிக் குழு இருந்தால், காலையில் இட்லியும் மதியம் மீன் குழம்பும் கிடைக்கும். அந்தக் காசு அந்த ஊரிலேயே நிற்கும். முக்கியமாக, பயணிகள் வரும் நவம்பர், டிசம்பரில்தான் உப்பளக் குடும்பங்களுக்கு வேலையே கிடையாது. பாத்தியில் மழைத் தண்ணீர் நிற்கும் மாதங்களில் வீட்டுக்கு நாலு காசு வர இதுவும் ஒரு வழி. ஒரே வழி இல்லை, பெரிய வழியும் இல்லை. ஆனால் ஒரு வழி.

நம்மூரிலிருந்து வியட்நாமுக்கும் இலங்கைக்கும் சைக்கிள் மிதிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான். அங்கேயும் முதல் நாள் தட்டையாக இருக்கும், அங்கேயும் யாரோ ஒருவருடைய ஊர் ‘தண்ணீர் நிறுத்தம்’ ஆகிக்கொண்டிருக்கும். போவதற்கு முன், மூட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் மரக்காணம் வரை போய்வந்து பழகலாம். ராத்திரி தங்கி, மெதுவாக. எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்பது பல பேருக்கு ஏற்கெனவே தெரியும். எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதுவரைக்கும், வரும் சீசனுக்கு நிரல் தயார்செய்யும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இரண்டாம் நாள் பக்கத்தைத் திறந்து, ‘மாமல்லபுரம் – பாண்டிச்சேரி 95 கி.மீ.’ என்ற வரியை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ‘மரக்காணம், 60 கி.மீ., தங்கல்’ என்று எழுதிப் பாருங்கள். மீதியை அந்த ஊர் பார்த்துக்கொள்ளும்.